அறைக் குளிரூட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா? நாமே பார்க்கலாம்

எமது பெண்கள் நடத்தும் தொழிலகங்கள் பலவற்றில் இன்று குளிரூட்டி இருக்கிறது. மணப்பெண் அலங்கார நிலையம், தட்டச்சும் போட்டோப் பிரதியும் எடுக்கும் கடை, கணினி வகுப்பு, சிறு மருந்தகம் என்று பல இடங்களில் அதைக் காணலாம். இது ஆடம்பரத்துக்காக வாங்கப்பட்ட பொருள் அல்ல. கணினி சூடாகாமலும், மருந்து கெடாமலும், மணப்பெண்ணின் முகப்பூச்சு கரையாமலும் இருக்க வேண்டும் என்பதற்காக வாங்கியது. அநேகமானவை கடன் எடுத்து வாங்கியவை. சில, மூடப்பட்ட அலுவலகங்களிலிருந்து குறைந்த விலைக்குக் கிடைத்த பழையவை.

இந்தக் குளிரூட்டிகளைப் பற்றிச் சகோதரிகள் என்னிடம் அதிகம் முறையிடுவது ஒரேயொரு விடயத்தைத்தான். "அக்கா, அறைக்குள்ளை தண்ணி சொட்டுது." சுவரில் பாசி பிடிக்கிறது. கீழே ஒரு பிளாஸ்ரிக் பேசினை வைத்துவிட்டு வேலை செய்கிறார்கள். தண்ணீர் கணினிக்கு மேல் விழுந்துவிடுமோ என்ற பயம் ஒருபுறம், திருத்துபவருக்குக் கொடுக்கும் கூலி இன்னொருபுறம். பத்தில் பல தடவைகள் இதற்கான காரணம் மிகச் சிறியது என்பதையும், அதை நாமே கண்டுபிடிக்கலாம் என்பதையும் விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

குளிரூட்டிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அப்படியானால் வாளி நிறையும் அளவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஐஸ் போட்ட ஒரு தம்ளரை மேசையில் வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் தம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்துவிடும். அந்த வியர்வை தம்ளருக்குள்ளிருந்து வந்ததல்ல. காற்றிலிருந்த ஈரம், குளிர்ந்த தம்ளரில் பட்டுத் தண்ணீராகியது. குளிரூட்டிக்குள் நடப்பதும் இதுதான்.

சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். குளிர்ந்த காற்று தாங்காது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியை வைத்திருக்கக்கூடும். அதே காற்று 15 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய 13 கிராமைத்தான் வைத்திருக்க முடியும். மிகுதி தண்ணீராக வடிந்துவிடும். 12,000 பி.ரி.யு. அளவுள்ள ஒரு சாதாரண அறைக் குளிரூட்டி, ஈரமான நாளில் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேலும் தண்ணீரை வெளியேற்றும். மாரி காலத்தில் இது கூடும்.

இன்னொரு விடயமும் அறிந்து வைத்திருப்பது நல்லது. 1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகவே வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் இன்றைய குளிரூட்டியின் முன்னோடியை வடிவமைத்தார். மனிதருக்குக் குளிர்ச்சி கொடுப்பது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. காற்றின் ஈரத்தால் அச்சுத்தாள் விரிவதையும் சுருங்குவதையும் தடுப்பதே நோக்கம். ஆகவே காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுப்பது இந்த இயந்திரத்தின் பிறவிக் குணம். தண்ணீர் வருவது பழுது அல்ல. அது போக வேண்டிய வழியால் போகாததுதான் பழுது.

போக வேண்டிய வழி எது?

சுவரில் பொருத்தும் குளிரூட்டியின் உட்பகுதியில், மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கிய ஒரு குளிர்ச்சுருள் இருக்கிறது. அதன் மீது வியர்க்கும் தண்ணீர் கீழேயுள்ள ஒரு நீண்ட தட்டில் விழுகிறது. தட்டின் ஒரு முனையில் ஒரு குழாய் இருக்கிறது. அது சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய் நிலத்துக்கு அருகில் முடிகிறது. இவ்வளவுதான்.

சாதாரண அறைக் குளிரூட்டியில் இந்தத் தண்ணீரைத் தள்ளுவதற்குப் பம்பு எதுவும் கிடையாது. தண்ணீர் தன் பாரத்தால் தானே இறங்கிப் போக வேண்டும். குழாய் அடைபட்டாலோ, சரிவு பிழைத்தாலோ தட்டு நிரம்பி அறைக்குள் வழியும்.

ஒரு கிராமத்து அனுபவம்

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பெண்கள் குழு தட்டச்சு, போட்டோப் பிரதி நிலையம் ஒன்றை நடத்துகிறது. அவர்களில் பெரும்பாலானோர் கணவரை இழந்தவர்கள் அல்லது காணாமல் போன கணவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். கடன் திட்டத்தின் தொடர் பார்வைக்காக நான் அங்கு போய் வருவதுண்டு. அவர்களது குளிரூட்டி இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தண்ணீர் சொட்டத் தொடங்கிவிடும். திருத்துபவர் வருவார். ஏதோ செய்வார். "காஸ் முடிஞ்சுது அக்கா, நிரப்பியிருக்கு" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு போவார். சில கிழமைகளுக்கு ஒழுக்கு நிற்கும். பிறகு மீண்டும் தொடங்கும். இப்படி மூன்று தடவைகள் நடந்தன. மூன்று தடவையும் கொடுத்த பணம், அவர்களுடைய இரண்டு மாதக் கடன் தவணையை விட அதிகம். ஏன் இப்படித் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு, "இதெல்லாம் உங்களுக்கு விளங்காது அக்கா" என்பதே பதிலாக இருந்தது.

பணம் மட்டும் பிரச்சினையல்ல. ஆண்துணை இல்லாத பெண்கள் வேலை செய்யும் இடத்துக்கு ஓர் ஆண் அடிக்கடி வந்து போவதை ஊர் எப்படிக் கதைக்கும் என்பது எமது வாசகிகளுக்குத் தெரியும். கடை பூட்டிய பிறகு வந்தாலும் கதை, பகலில் வந்தாலும் கதை.

நாலாவது தடவை தண்ணீர் சொட்டியபோது, குழுவிலுள்ள ஓர் அக்கா வெளியே போய்ச் சுவரைப் பார்த்தார். அவர் வெங்காயத் தோட்டம் செய்தவர். குளிரூட்டிக் குழாய் சுவரோடு ஒட்டி வராமல், யன்னலுக்கு மேலாகக் கொடிக்கயிறு போலத் தொய்ந்து தொங்கியது. அவர் சொன்னார்: "வாய்க்காலிலை பள்ளம் கிடந்தால் மண் அங்கைதானே படியும்? தண்ணி பிறகு எப்படிப் போகும்?"

அவர் சொன்னது சரி. தொய்வில் தேங்கிய தண்ணீரில் தூசும் பாசியும் படிந்து, குழாய் மெல்ல மெல்ல அடைபட்டிருந்தது. திருத்துபவர் ஒவ்வொரு தடவையும் அந்த அடைப்பை ஊதி எடுத்தார். அதனால்தான் ஒழுக்கு நின்றது. ஆனால் பணம் வாங்கியது காஸுக்கு. தொய்வு அப்படியே இருந்ததால் அடைப்பும் திரும்பி வந்தது.

ஒரு காலை இழந்த இன்னொரு சகோதரி, வெளியே கதிரையில் இருந்தபடி குழாயின் கீழ்முனையைப் பிடித்து அழுக்கை வெளியே இழுத்தார். கறுத்த சேறு போல வந்தது. பின்னர் குழாயைச் சுவரோடு சேர்த்து, மேலிருந்து கீழாக ஒரே சரிவாகக் கிளிப் அடித்து இறுக்கினார்கள். வேலை முடிய ஒரு மணித்தியாலம் கூட ஆகவில்லை. "ஜாம் போத்தலிலை விளக்குக் கொளுத்தின நாங்கள், சைக்கிள் மிதிச்சு டைனமோவிலை ரேடியோ கேட்ட நாங்கள். இது ஒரு குழாய்தானே" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

முதலில் மின்சாரம்

இனிச் செய்முறைக்கு வருவோம். எதைத் தொடுவதற்கு முன்னரும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். றிமோட்டால் நிறுத்துவது போதாது. குளிரூட்டிக்கு உரிய சுவிச்சையும், முடிந்தால் மின்பெட்டியிலுள்ள பிரேக்கரையும் இறக்கிவிடுங்கள். எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற் மின்சாரம். ஈரக் கையும் மின்சாரமும் சேரக்கூடாது. கீழே கணினி, போட்டோப் பிரதி இயந்திரம் இருந்தால் அவற்றையும் நிறுத்தி, அப்பால் நகர்த்தி, பொலித்தீனால் மூடுங்கள்.

ஏணியில் ஏறுவதானால் ஒருவர் ஏற, மற்றவர் ஏணியைப் பிடிக்க வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள். சொட்டும் தண்ணீர் வயரிலோ சொக்கெற்றிலோ பட்டிருந்தால், அல்லது ட்ரிப் சுவிச் தானாக விழுந்திருந்தால், அங்கே உங்கள் வேலை முடிகிறது. மின்சாரம் தெரிந்தவரை அழையுங்கள்.

எங்கே சொட்டுகிறது?

நோயைக் கண்டுபிடித்த பிறகுதான் மருந்து. குளிரூட்டி அரை மணித்தியாலம் ஓடியபின் இரண்டு இடங்களைப் பாருங்கள்: வெளியே குழாயின் முனை, உள்ளே தண்ணீர் விழும் இடம்.

1. வெளியே தண்ணீர் வரவில்லை, உள்ளே வழிகிறது: குழாய் அடைபட்டிருக்கிறது. இதுவே அதிகம் காணப்படுவது.

2. வெளியேயும் வருகிறது, உள்ளேயும் ஒரு பக்கத்தால் வழிகிறது: குளிரூட்டி சரிந்திருக்கலாம், அல்லது குழாய் பாதி அடைபட்டிருக்கலாம்.

3. முன்பக்கத்தைத் திறந்தால் குளிர்ச்சுருளில் ஐஸ் படிந்திருக்கிறது: காற்று போதாது, அல்லது காஸ் குறைந்திருக்கிறது. ஐஸ் உருகும்போது தட்டுக்கு வெளியே விழும். மின்சாரம் தடைப்பட்ட உடனே தண்ணீர் கொட்டினால் ஐஸைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

4. சுவரோரமாகப் போகும் குழாய்களிலிருந்து சொட்டுகிறது: குளிர்ந்த செப்புக் குழாயைச் சுற்றியுள்ள கறுப்பு ஸ்பொஞ்ச் உறை கிழிந்துவிட்டது. எலியும் வெயிலும் அதைக் கெடுக்கும். புதிய உறை வாங்கிச் சுற்றி, ரேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டால் போதும்.

5. காற்று வரும் வாயிலிருந்து மட்டும் துளித்துளியாக விழுகிறது: கதவைத் திறந்து வைத்து வேலை செய்கிறீர்களா என்று பாருங்கள். வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த இடத்தில் வியர்க்கும். கதவைச் சாத்தினால் நின்றுவிடும்.

குழாய் அடைப்பை எடுக்கும் முறை

முதலில் வெளிமுனையைப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். எறும்பு, பல்லி புகுந்திருக்கலாம். முனை சேற்றுக்குள் புதைந்திருக்கலாம். தண்ணீர் சேகரிக்க வைத்த போத்தலுக்குள் முனை முழுவதும் அமிழ்ந்திருந்தாலும் வடிகை தடைப்படும். முனை நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், காற்றோட்டமாக இருக்க வேண்டும்.

அடுத்து, அழுக்கை வெளிப்பக்கமாக இழுத்தெடுக்க வேண்டும். பரலிலிருந்து மண்ணெண்ணெய் எடுக்கும் பிளாஸ்ரிக் கைப்பம்பு இதற்கு நன்றாக உதவும். அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்து, அதன் வாயைக் குழாயின் வெளிமுனையோடு ஒரு துணியால் இறுக்கிப் பிடித்துப் பத்து, பதினைந்து தடவைகள் உறிஞ்சுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம். அது அழுக்குத் தண்ணீர். சைக்கிள் பம்பால் மெதுவாக ஊதவும் செய்யலாம். ஆனால் அழுக்கு மீண்டும் தட்டுக்குள் போகும். ரயர்க் கடைக் காற்றை ஒருபோதும் பாவிக்காதீர்கள். உள்ளே குழாய் பொருத்து கழன்றுவிடும்.

பின்னர் முன்மூடியைத் திறந்து, குளிர்ச்சுருளின் கீழ்ப்பகுதியில் அரை லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரை ஒரு போத்தலால் மெல்ல மெல்ல ஊற்றுங்கள். மின்னிணைப்புகள் இருக்கும் பக்கத்தில், அதாவது பெரும்பாலும் நாம் பார்க்கும்போது வலது பக்கத்தில், தண்ணீர் படக்கூடாது. தகடுகள் பிளேட் போல விரலை வெட்டும், கவனம். வெளியே நிற்பவர் தண்ணீர் தடையின்றி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் வெற்றி. பாசி அதிகமாக இருந்தால் தண்ணீருடன் ஒரு சிறு கோப்பை வெள்ளை வினாகிரி கலந்து ஊற்றி, அரை மணித்தியாலம் விட்டு, வெறும் தண்ணீரால் கழுவுங்கள்.

மலசலகூடம் கழுவும் அசிட்டை ஊற்றாதீர்கள். அது அலுமினியத்தையும் செம்பையும் அரித்துவிடும். வினாகிரியையும் குளோரினையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயு நச்சு.

எல்லாம் முடிந்து, உட்பகுதி நன்றாகக் காய்ந்த பின்னரே மின்சாரத்தைக் கொடுங்கள்.

வடிகட்டியும் ஐஸும்

முன்மூடிக்குள் இருக்கும் வலைதான் தூசு வடிகட்டி. போட்டோப் பிரதி நிலையத்திலும் தையலகத்திலும் இது விரைவாக அடைபடும். தூசு அடைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் குளிர்ச்சுருள் அளவுக்கு மீறிக் குளிர்ந்து ஐஸ் பிடிக்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வலையைக் கழற்றி, தண்ணீரில் கழுவி, நிழலில் உலரவிட்டுப் போடுங்கள். இது ஐந்து நிமிட வேலை. மின்சாரச் செலவும் குறையும். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்த்தப்பட்டபோது, சிறுதொழில் செய்யும் பெண்கள் எப்படித் திண்டாடினார்கள் என்பதை நாம் மறக்கவில்லை.

ஐஸ் படிந்திருந்தால் அதைக் கரண்டியாலோ கத்தியாலோ சுரண்டக்கூடாது. செப்புக் குழாய் ஓட்டையாகினால் முழுச் செலவு. நிறுத்திவிட்டால் தானாக உருகும்.

சரிவும் மட்டமும்

குழாய் ஓர் அடி தூரத்துக்குக் கால் அங்குலம் என்ற அளவிலாவது தொடர்ந்து இறங்க வேண்டும். இடையில் மேடும் பள்ளமும் கூடாது. உட்பகுதி மட்டமாக, அல்லது குழாய் இருக்கும் பக்கம் மயிரிழை தாழ்வாக இருக்கலாம். பாதி தண்ணீர் நிரப்பிய போத்தலைப் படுக்கையாக வைத்தால் மட்டம் தெரிந்துவிடும். மேசன்மார் பாவிக்கும் மட்டக்குழாயும் உதவும். செல் விழுந்து வெடித்துப் பின் பூசப்பட்ட சுவர்களில் ஆணிகள் இளகுவதுண்டு. அப்படி இளகியிருந்தால் குளிரூட்டியை நீங்களாகக் கழற்ற வேண்டாம். பாரம் அதிகம், காஸ் குழாயும் முறியலாம்.

யன்னலில் பொருத்தும் பழைய வகையாயின், அதன் பின்பக்கம் முன்பக்கத்தை விட அரை அங்குலமளவு தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அறைப்பக்கம் திரும்பிவிடும்.

எப்போது திருத்துபவரை அழைப்பது?

வலை சுத்தம், குழாய் சுத்தம், சரிவும் சரி. ஆனாலும் ஐஸ் பிடிக்கிறது, குளிரும் போதாது. அப்போது காஸ் குறைந்திருக்கலாம். காஸைத் தொடுவது பயிற்சி பெற்றவரின் வேலை. புதிய குளிரூட்டிகளில் உள்ள ஆர்-32 என்ற காஸ் தீப்பற்றக்கூடியது.

ஆனால் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். குளிரூட்டியின் காஸ், அடுப்புக் காஸ் போல எரிந்து முடிவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அது குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதே பொருள். ஓட்டையை அடைக்காமல் காஸ் நிரப்பினால் பணம் காற்றில் போகும். ஆகவே "காஸ் முடிஞ்சுது" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கே ஒழுகுது, காட்டுங்கோ. காஸ் அளக்கிற மீற்றர் எவ்வளவு காட்டுது? எவ்வளவு காலத்துக்கு உத்தரவாதம், பற்றுச்சீட்டிலை எழுதித் தருவீங்களா? நேர்மையான திருத்துபவர் இக்கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். அப்படியானவர்களும் எம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வடியும் தண்ணீரை என்ன செய்வது?

தண்ணீருக்குத் தட்டுப்பாடான இடங்களில் இதை வீணாக்க மனம் வராது. தரை துடைக்கலாம், மலசலகூடத்துக்கு ஊற்றலாம், பூமரங்களுக்கு விடலாம். குடிக்கவோ சமைக்கவோ கூடாது. பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அது தூசும் கிருமியும் உலோகமும் படிந்த தட்டு வழியாக வந்த தண்ணீர்.

வாளியில் சேர்த்தால் அன்றன்றே ஊற்றிவிடுங்கள். டெங்கு நுளம்பு பெரும்பாலும் தெளிந்த தேங்கு நீரில் முட்டையிடும். ஒரு கிழமை, பத்து நாட்களில் முட்டை நுளம்பாகிவிடும். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். குளிரூட்டிக்குக் கீழே மறந்து வைத்த வாளி, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆபத்து.

இந்த அறிவு யாருக்கு?

யுத்த காலத்தில் எமது பெண்கள் பதுங்குகுழி வெட்டினார்கள். கிணறு இறைத்தார்கள், கூரை வேய்ந்தார்கள். செய்வதற்கு ஆள் இல்லாததால் செய்தார்கள். ஆனால் இயந்திரம் என்று வந்தவுடன் "அது ஆம்பிளையளின்ரை வேலை" என்று ஒதுங்கி நிற்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. தெரியாது என்று ஒதுங்குகின்ற ஒவ்வொரு விடயத்துக்கும் நாம் விலை கொடுக்கிறோம். அந்த விலை கடன் தவணையிலும் பிள்ளைகளின் கொப்பி புத்தகத்திலும்தான் குறைகிறது.

ஒரு கொப்பியை எடுத்துக் குளிரூட்டிக்கு அருகில் கட்டித் தொங்கவிடுங்கள். வலை கழுவிய திகதி, குழாய் பார்த்த திகதி, திருத்துபவர் வந்த திகதி, அவர் செய்த வேலை, வாங்கிய பணம் ஆகியவற்றை எழுதுங்கள். குழுவில் இருவர் இந்த வேலையைப் பழகிக்கொண்டு மற்றவர்களுக்கும் காட்டிக் கொடுங்கள். குளிரூட்டி திருத்தும் தொழிலுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் உண்டு. படித்து முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் மகள்மாரை, அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில் இதுபற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். பெண்கள் வேலை செய்யும் இடங்களுக்குப் பெண்களே வந்து திருத்திக் கொடுப்பார்களானால், அந்தப் பிள்ளைகளுக்கு வேலைக்குக் குறைவிருக்காது.